கபீஷின் காடு யாருக்குச் சொந்தம்?

எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு இப்போது ஒரு ஏக்கம் பிடித்திருக்கிறது. பூந்தளிரின் பழைய இதழ் எங்காவது கிடைக்காதா என்று பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறார்கள். கிடைத்தால் சொன்ன விலையைக் கொடுக்கிறார்கள். வாலை நினைத்த தூரம் நீட்டும் குரங்கு கபீஷ், முயல்களை நரியிடமிருந்து காப்பாற்றும் காக்கை காளி, கண்ணை மறைக்கும் தொப்பிக்குள் பயத்தை ஒளித்துவைத்த வேட்டைக்காரன் வேம்பு என்று பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வந்த பஸ்ஸில் மளிகைச் சாமானோடு வந்த இதழ்களைப் படித்து வளர்ந்தவன்.

இந்த ஏக்கம் எதை நினைவில் வைக்கிறது, எதை உதறிவிடுகிறது? கபீஷை வரைந்தது யார் என்று ஒரு ரசிகரிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அப்ப யாருங்க பாத்தா?" என்பார். எண்ணம் அனந்த் பையினுடையது, வரைந்தவர் மோகன்தாஸ். காளிக்கு உருவம் தந்தவர் பிரதீப் சாத்தே. வேம்புவை வரைந்தவர் வசந்த் ஹல்பே. தமிழில் பூந்தளிரின் ஆசிரியர் வாண்டுமாமா (1925-2014) பெயர் ஒன்றுதான் நிலைத்திருக்கிறது. மிருகத்தின் பெயர் நிற்க, அதைப் படைத்த மனிதரின் பெயர் உதிர்ந்துபோவது தற்செயலல்ல. அது உற்பத்தி உறவின் விளைவு.

காளியும் வேம்புவும் பம்பாயில் 1980இல் தொடங்கிய டிங்கிளின் பாத்திரங்கள். 2007இல் அந்த இதழ் இந்தியா புக் ஹவுஸிடமிருந்து ஏசிகே மீடியாவிடம் கைமாறியபோது காக்கையும் வேட்டைக்காரனும் மேசை நாற்காலியோடு சேர்ந்து கைமாறினார்கள். திருச்சிக்காரர் பி. வரதராஜன் எழுதி அனுப்பிய நம்ம ஊர் வெகுளி வேலைக்காரன் சுப்பாண்டியும் அப்படித்தான். இங்கிருந்து போன வாய்மொழிச் சரக்கு பம்பாயில் பதிவாகி, மொழிபெயர்ப்பாக நமக்கே திரும்பி வந்தது.

இதே காலத்தில் மேற்கில் சுயேச்சையாக விலங்குச் சித்திரக்கதை போட்டவர்களைப் பாருங்கள். ஸ்டான் சாக்காய் 1984இல் 'உசாகி யோஜிம்போ' என்ற சாமுராய் முயலை உருவாக்கினார். பதிப்பகங்கள் பலமுறை மாறின. முயல் மட்டும் அவரோடேயே போனது. கனடாவின் டேவ் சிம் 1977இல் சொந்தமாக அச்சடித்துத் தொடங்கிய 'செரிபஸ்' 300 இதழ்கள் வந்து 2004இல் முடிந்தது. அதன் நாயகன் ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க விலங்கு. அது கதைக்குள்ளேயே மூப்படைந்து கடைசி இதழில் செத்துப்போகிறது. கபீஷுக்கு ஏன் வயசாகவில்லை என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. முதலீடாகிவிட்ட மிருகத்தைச் சாகவிட மாட்டார்கள். படைப்பாளி கையில் இருக்கும் மிருகத்துக்குத்தான் காலம் என்று ஒன்று உண்டு. இதை வைத்துச் சுயேச்சைத்தன்மையைப் புனிதமாக்கவும் முடியாது. அதே சிம் 1994இல், 186ஆம் இதழில், பெண்களை இழிவுபடுத்தி நீளமாக எழுதினார். தடுக்க ஆளில்லாத கைக்கு வெறுப்பைக் கொட்டவும் தடையில்லை.

சொந்தம் என்ற கேள்வி படைப்பாளியோடு முடிவதில்லை. சட்டகத்துக்குள் இருக்கிற காடு யாருடையது? கபீஷின் காட்டில் யானை உண்டு, மான் உண்டு, கரடி உண்டு. காட்டுக்கு மனுஷனாக வருகிறவன் வேட்டைக்காரன், அவன்தான் வில்லன். மூலத்தில் அவன் பெயர் தோபாயா. இந்தியில் இரண்டு காலன். அவனுக்கு ஊர் இல்லை, புனம் இல்லை, பசி இல்லை. காடு என்றால் மக்கள் இல்லாத இடம் என்ற நகரத்துக் கதையாடல் இவ்வளவு சுலபமாக ஒரு குழந்தையின் மண்டைக்குள் இறங்கிவிடுகிறது. எங்கள் மலையில் சாமைக் கொல்லையையும் மரவள்ளியையும் பன்றியிடமிருந்து காப்பாற்ற ராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருக்கும் மாமன் மச்சான் எல்லாருக்கும் இரண்டு கால்தான். அவர்களை இந்தக் கதையில் எங்கே வைப்பது?

எங்கள் மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு என வரிசையாகத் துளைத்ததை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் சொல்கிறார். கிட்டத்தட்ட ஐந்து கட்டச் சித்திரக்கதை. அவன் இன்னார் என்று தெரியாமல் பாணர்கள் பாடுகிறார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் கூச்சப்படுகிறான். அவனுக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடிதோறும் அரசு விழா நடக்கிறது. மன்னன் எய்தால் வீரம். மலைக்காரன் எய்தால் 1972ஆம் வருஷச் சட்டப்படி வழக்கு. 2006இன் வன உரிமைச் சட்டமும் மற்ற உரிமைகளை ஒப்புக்கொண்டு வேட்டையை மட்டும் விலக்கிவைத்தது. வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரே செயல் யார் செய்தால் காவியமாகிறது, யார் செய்தால் குற்றமாகிறது என்பதைக் குழந்தைக்கதையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்கிறேன்.

மிருக முகமூடியை எதிர்த்திசையில் திருப்பவும் முடியும். யூதர்களைப் பூச்சி புழு என்று இழித்த நாஜிப் பேச்சைப் பிடித்து அவர்களையே எலிகளாக வரைந்தார் ஆர்ட் ஸ்பீகல்மன். அந்த 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. 2022இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு பள்ளி வாரியம் அதைப் பாடத்திலிருந்து எடுத்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது 'பீமாயணா'. நவயானா 2011இல் வெளியிட்ட அம்பேத்கர் கதை. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். ஆட்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒடுக்கப்பட்டவரின் பேச்சு பறவை உருவில் வருகிறது. சாதித் திமிரில் பேசுகிறவன் சொல்லுக்குத் தேள்கொடுக்கு. ரயில் பாம்பாக ஊர்கிறது. மிருகங்கள் மனுஷரை வெளியேற்றாத காடு இது. வரைந்தவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.

பூந்தளிர் மறுபதிப்பாக வரட்டும், நானும் வாங்குவேன். ஒவ்வொரு கதைக்கும் கீழே வரைந்தவர் பெயரைப் போடச் சொல்லிக் கேட்போம். அதோடு சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ ஒரு பிள்ளை தன் காட்டை, அதில் தன் பாட்டனையும் பன்றியையும் ஒரே பக்கத்தில் வரைந்துகொண்டு வந்தால், அதை அச்சேற்ற நம் பத்திரிகைகளில் இடம் இருக்கிறதா என்றும் கேட்போம்.