சிறுநீரில் ஒரு சுவடு

வைட்டமின் ஈ எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. கல்லீரல் அதன் நீண்ட வாலைப் படிப்படியாக நறுக்கி, சிஇஎச்சி என்ற சிறு மூலக்கூறாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதை அளக்கும் பக்குவம் எனக்கு மிகவும் பிடித்தது.

சிஇஎச்சியின் பெரும்பகுதி குளுகுரோனிக் அமிலத்தோடோ சல்பேட்டோடோ ஒட்டிக்கொண்டு வரும். நொதி சேர்த்து 37 டிகிரியில் வைத்து அவிழ்க்க வேண்டும். அதற்கும் முன்பே, டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை ஏற்றிய அதே மூலக்கூறைத் திட்டமாக அளந்து சிறுநீர் மாதிரியில் விட்டுவிடுவார்கள். வழியில் எவ்வளவு வீணானாலும் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறையும். நிறைநிறமாலைமானி இரண்டையும் நிறையால் பிரித்துக் காட்டும். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

சிறுநீரின் அடர்த்தி மாறுவதால் உடல் ஏறக்குறையச் சீராக வெளியேற்றும் கிரியேட்டினினோடு ஒப்பிட்டே கணக்குச் சொல்வார்கள்.

நல்லெண்ணெயிலுள்ள செசமின் அந்த நறுக்கலைத் தடுக்கிறது. அதை உண்டவர்களின் சிறுநீரில் காமா வகை வைட்டமின் ஈயிலிருந்து வரும் சிஇஎச்சி குறைந்ததைக் கண்டுசொன்னது இந்த அளவீடுதான்.