பெட்டி வராத தேர்தல்

காரைநகர்த் துறையில் நின்றால் கடற்கோட்டைக்கு அப்பால் ஊர்காவற்றுறை தெரியும். 1931இல் ஊர்காவற்றுறையின் பெயர் கொண்ட தொகுதிக்கு வாக்குப்பெட்டி வரவேயில்லை. டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தபின் நடந்த முதல் தேர்தல் அது. மே 4, வேட்புமனு நாள். ஊர்காவற்றுறை, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரம் பலித்தது.

அதன் மேன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. காங்கிரஸை வழிநடத்திய ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் இனத்துக்கென்று ஆசனம் கேட்கவில்லை. முழுச் சுயராச்சியம் கேட்டார்கள். காந்தியை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். பணமும் குலப்பெருமையும் உள்ள வேட்பாளர்களைத் தடியெடுக்காமல் பேசியே விலகவைத்தார்கள்.

நம்மூரில் பள்ளிக்கூடம் வைத்த மிஷனரிமாரின் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நேர்மாறான காட்சி. தீப்பந்த ஊர்வலம், இலவச விஸ்கி, கட்சியே அச்சடித்துக் கொடுத்த வாக்குச்சீட்டு, சாவடி வாசலில் கைகலப்பு. ஆனாலும் 1876இல் வாக்குரிமை உள்ளவர்களில் ஏறத்தாழ 80 வீதம் பேர் வாக்களித்தார்கள். 1888 முதல் அரசாங்கச் சீட்டும் இரகசிய வாக்கும் மாநிலம் மாநிலமாக வந்தன. சந்தடி அடங்கியது. ஆனால் சீட்டை வாசிக்கத் தெரியாதவர் திகைத்தார். தெற்கில் எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் கறுப்பின மக்களை வெளியே தள்ளின. 1924இல் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு. வாசலில் சண்டை ஓய்ந்தபோது வரிசையும் குறுகியிருந்தது.

இலங்கை இந்த விடயத்தில் ஒரு படி முன்னே நின்றது. எழுத்தறியாதவரும் வாக்களிக்கட்டும் என்று வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி வைத்தார்கள். அந்த நிறங்களை நான்கு தொகுதியும் காணவில்லை.

பகிஷ்காரத்தின் குறை இங்கேதான். வாக்காளர் சாவடிக்குப் போகாமல் இருந்தால் அது அவர் எடுத்த முடிவு. வேட்பாளரே இல்லாத இடத்தில் போவதா விடுவதா என்ற கேள்வியே அவருக்கு எழாது. முதல்முறை வாக்குப் பெற்ற பெண்களுக்கும், சாதியின் பெயரால் கோயில் வாசலிலும் பள்ளி வாங்கிலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து, ஏற்கெனவே மேடையில் இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சம ஆசனம் வேண்டும் என்றவர்களே அவர்களின் முதல் வாக்கைக் கேளாமல் துறந்தார்கள். இடைத்தேர்தல் நடந்தது 1934இல்தான். அதுவரை அரசாங்க சபையின் 50 தெரிவு ஆசனங்களில் நான்கு வெறுமையாக இருந்தன. சபையின் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

2005இல் சனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்க விடுதலைப் புலிகள் சொன்னபோது யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.2 வீதம். அது துவக்கின் நிழலில் நடந்தது. 1931 நாவன்மையால் நடந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் சாதாரண வாக்காளரைக் கேளாமலே அவர் மறுக்கிறார் என்று அறிவிக்கலாம் என்ற பழக்கம் இரண்டுக்கும் பொது. பகிஷ்காரம் கேட்க விரும்புகிறவர்கள் பெட்டியை முதலில் ஊருக்கு வரவிடவேண்டும். பிறகு அது வெறுமையாகத் திரும்பினால், அந்த வெறுமைக்கு ஊரே சொந்தக்காரர்.