அரை ஷிப்ட்டை விட்டுவிட்டுப் பறை கேட்கப் போனேன்

போன மாதம் எங்கள் செக்கிங் டேபிளில் ஓர் அமெரிக்க ஆர்டர் ஓடியது. டீ-ஷர்ட் நெஞ்சில் பெரிய கழுகு, அதற்குக் கீழே ஏதோ ஒரு ஊரின் ஹைஸ்கூல் பெயர். பிசிறு வெட்டி, அளவு பார்த்து மடிக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். இதைப் போடப்போகிற பிள்ளைக்குப் பள்ளியில் பாண்டு வாத்தியம் இருக்கும், நாடகம் இருக்கும், கூடைப்பந்து இருக்கும். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். என் மகளுக்குப் பறை இருக்கிறது!

அவள் படிப்பது திருப்பூர் ஜெய்வாபாய் மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பு. பிளஸ் டூ வரை ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் படிக்கும் இடம். தமிழ்நாட்டின் பெரிய பெண்கள் பள்ளிகளில் ஒன்று. காலையில் அந்த வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், மனசு நிறைந்துவிடும். அப்பா பவர்டேபிள், அம்மா கைமடி, அண்ணன் அயர்னிங் என்று பனியன் கம்பெனியை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகள் இரட்டைப் பின்னலோடு சாரை சாரையாக உள்ளே போவார்கள். தேனி, மதுரை என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பங்கள் எங்களுடையவை.

2022-23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித்துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. முதலில் பள்ளிக்குள் போட்டி. ஜெயித்தால் வட்டாரம், பிறகு மாவட்டம், கடைசியில் மாநிலம். மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். ஒயிலாட்டம், வில்லுப்பாட்டு, களிமண் சிற்பம், மௌன நாடகம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். என் மகள் அதில் பறையைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னதும் என் மாமியார் துடித்துப்போனார். "இழவு வீட்டுல அடிக்கறத பொம்பளப் புள்ள தோள்ல மாட்டறதா, அம்மிணி?" என்றார். அவரை மட்டும் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படி நினைத்தே வளர்ந்தவள். மகள்தான் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "இது அடிக்குச்சி, இது சிண்டுக்குச்சி. கட்டையா இருக்கறது வலக்கைக்கு, மூங்கில் குச்சி இடக்கைக்கு. தோல் தளர்ந்தா தீயில காட்டணும் பாட்டி, அப்பத்தான் கணீர்னு பேசும்." கம்பெனியில் கிழிந்துபோன அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன், தீ மூட்ட. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிகிற பெண் அவள். தோளில் பறை ஏறினால் நிமிர்ந்து நிற்கிறாள். இதை எந்த மார்க் ஷீட்டில் போடுவார்கள்?

பறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சாரணியர், இளம் செஞ்சிலுவைச் சங்கம், பசுமைப் படை, இலக்கிய மன்றம் என்று அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளை ஒட்டிக்கொள்ள எத்தனையோ கிளைகள். மேல்நிலையில் நாட்டு நலப்பணித் திட்டம் வந்துவிடும், ஏழு நாள் முகாமும் உண்டு. 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம் அறிவியல் சோதனைகளைக் கையில் எடுத்துச் செய்ய வைக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் அரசுப் பள்ளி விளையாட்டு அணியில் சேரவே தனிக் கட்டணம் கட்ட வேண்டும். நாங்கள் பறைக்கு ஒரு பைசா கட்டவில்லை. இடுப்புத் துணிக்குக்கூட வழி இருந்தது: பனியன் வேஸ்ட்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொறுக்கி, பின்னி, குஞ்சம் தொங்கவிட்டு, எங்கள் லைனில் இருந்த அக்காமார்களே தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சத்தைப் பார்த்தால் ஏற்றுமதிச் சரக்கு தோற்றுவிடும்!

போட்டி நாளன்று எனக்கு ஷிப்ட் இருந்தது. மதியத்தோடு கிளம்பினேன். முதல் வரிசையில் இடம் கிடைக்கவில்லை, தூணோரம் நின்றேன். எட்டுப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். முதல் அடி விழுந்ததும் என் உள்ளங்கால் வரைக்கும் அதிர்ந்தது. மெதுவாகத் தொடங்கி, கால் மாற்றி, சுற்றி, வேகம் ஏற ஏற, அரங்கிலிருந்த பிள்ளைகள் மொத்தமும் கை தட்டிக் கூடவே போனார்கள். பக்கத்தில் நின்ற என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம சாமி அடிக்கறாளா இத?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க அத்தை, நம்ம சாமிதான்.

பரிசு அன்று வேறு அணிக்குப் போனது. வில்லுப்பாட்டில் வென்ற பிள்ளைகளை என் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் கம்பியில் விரல் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

கல்லூரிக் கனவும் இந்தப் பள்ளியில்தான் முளைக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி என் மகள் இப்போதே கணக்குப் போடுகிறாள். பறையோடுதான் கல்லூரிக்குப் போவாளாம்.

திருப்பூரில் வேலை பார்க்கும் அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் பிள்ளை பள்ளியிலும் கலைத் திருவிழா வரும். தேதி தெரிந்ததும் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை நாள் கூலி போனால் போகட்டும், பிள்ளை மேடை ஏறும்போது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்.