வாக்கியமா, திருக்கணிதமா?

பௌர்ணமி எப்போது பிறக்கிறது என்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வெறும் ஜோதிட விஷயமல்ல. கிரிவலக் கூட்டம் வருவதே அந்த நேரத்தைப் பார்த்துத்தான். அதைச் சொல்லும் வாக்கியப் பஞ்சாங்கம் ரசிக்க வேண்டிய கைவினை. 248 நாளில் நிலவு பூமியை ஏறக்குறைய 9 முறை நெருங்கி விலகும். அத்தனை நாளுக்கும் நிலவின் இடத்தை, எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறையில் 248 வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணக்கர் தரையில் சோழிகளைப் பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்ததை, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

ஆனால் இந்தக் கணக்கு அமாவாசை, பௌர்ணமிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தினாலும் இடைப்பட்ட திதிகளில் சில மணி நேரம் பிசகும். சனிக்கோ மாதக்கணக்கில் பிசகும். 2023-இல், வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரியிலேயே முடிந்த சனிப்பெயர்ச்சியை, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் டிசம்பர் 20 அன்று கொண்டாடியது. முன்னோர் கணக்கில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்துப் பரமேஸ்வரர் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தி ‘திருக்கணிதம்’ எழுதியது 1431-இல். ஆகவே திருத்துவதும் மரபுதான். திருத்தினால் பலன் பலிக்குமா என்றால், அதற்குச் சான்றில்லை. கிரகம் நிற்கும் இடமோ கண்ணால் சரிபார்க்கக்கூடியது. கோயில் தன் விழாவைப் பழைய வழக்கப்படியே நடத்தட்டும். ஜாதகக் கட்டத்தில் வானம் காட்டும் இடத்தைக் குறிப்பதே ஜோதிடருக்கு அழகு.