தாகத்திற்கு விலை உண்டு, நதிக்கு?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட, ‘நூறாவது ஆண்டு’ எனப் பொருள்படும் சுற்றுமடல் சந்தையைப் பழிக்கவில்லை. வளங்களைப் பயன்படுத்தத் திறமையான கருவி என்றே அதை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் இரண்டு எல்லைகளை வகுக்கிறது. பணம் கொடுக்க இயலாதவரின் தேவை சந்தையின் கண்ணுக்குப் படுவதில்லை. இயற்கைச் சூழல் போன்ற பொதுச் சொத்துக்களைச் சந்தையின் ஆற்றல் மட்டுமே காத்துவிடாது. இக்கூற்றை உரைத்துப் பார்க்க உரைகல் நம் அருகிலேயே இருக்கிறது: திருப்பூர்க் குடிநீர்த் திட்டம்.

பவானி நீரைத் திருப்பூருக்குக் கொண்டுவர 1995இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர். செலவு ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். அரசும் தனியாரும் கைகோத்த இம்முயற்சி இந்தியாவிற்கே முன்மாதிரி எனப் போற்றப்பட்டது. சாய ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் தரும்; அந்த வருவாயின் பலத்தில் வீடுகளுக்கும் வழியோரச் சிற்றூர்களுக்கும் மிகக் குறைந்த கட்டணத்தில் நீர் கிடைக்கும். லாரித் தண்ணீரை நம்பியிருந்த ஊருக்கு இது பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. இலாப நோக்கம் குழாய்களைப் பதித்தது, நீரும் வந்தது.

ஆனால் ஆலைக்குள் நுழைந்த நீருக்கு விலை இருந்தது. வெளியேறிய கழிவுக்கு விலை இல்லை. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நொய்யலைத் தூய்மையாக்கக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் எவருமிலர். எனவே உழவர்கள் நாடியது சந்தையை அன்று, நீதிமன்றத்தை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இங்கேதான் திட்டத்தின் உள்முரண் வெளிப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டதும் நீர் விற்பனை சரிந்தது. நிறுவனம் கடன் நெருக்கடியில் சிக்கியது. கழிவே வெளியேறாத முறைக்கு மாறிய ஆலைகள் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதால், புதுநீரின் தேவை அவற்றுக்குக் குறைந்தது. ஆற்றுக்கு நன்மை செய்த மாற்றமே நீர் விற்பவரின் வருவாய்க்கு இழப்பாயிற்று. ஏழையின் குழாய், சாயத் தொட்டியின் தாகத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க வட்டியில்லாக் கடன் தந்ததும் இறுதியில் மாநில அரசே.

அரசு கட்டினால் மட்டும் காரியம் விரைவில் நடந்துவிடுமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே; திருப்பூர் நெடுங்காலம் தாகத்தோடு காத்திருந்ததும் உண்மை. ஆனால் உடுமலைப்பேட்டையில் வாழும் நாம் திருமூர்த்தி அணையையும் அமராவதி அணையையும் மறக்கலாகாது. அவற்றைக் கட்டிய பணம் பொதுப்பணம். பங்குதாரருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஈட்டித் தரும் என்னும் ஒற்றைக் கணக்கில் அவை நிறுத்துப் பார்க்கப்பட்டிருந்தால், நம் கழனிகள் பலவற்றுக்கு வாய்க்கால் வந்திராது.

ஆகவே இலாபத்தை விரட்ட வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தில் அமர்த்த வேண்டும். குழாய் பதிப்பவருக்கு அது கூலியாகலாம். எவர் வீட்டுக்குக் குழாய், எந்த ஆற்றுக்குக் காவல் என்பதைத் தீர்மானிக்கும் நீதிபதியாகலாகாது. ஏழையின் குடிநீர்ச் செலவு பொதுக் கருவூலத்தின் பொறுப்பு. கழிவைத் தூய்மையாக்கும் செலவு ஆடையின் விலைக்குள் அடங்கவேண்டிய கடன். அந்த ஆடையைத் தொலைதேசங்களில் வாங்கி அணிவோரும் இக்கடனில் பங்குடையவர்களே.