சிரிப்பு நம்மீதே திரும்பும்போது

சின்னாளப்பட்டியின் தறி வீடுகளில் முதிய தாய்மார் நூல் சுற்றுவதைக் காணலாம். அவர்களின் கை நடுங்கத் தொடங்கினால் வீட்டில் அவர்களுக்குரிய இடம் எது? சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை அண்மையில் மீண்டும் படித்தபோது இக்கேள்வி எழுந்தது.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்நாவல், 2020களின் தொடக்கத்து இந்தியாவைக் கற்பனை செய்கின்றது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர், இங்கே ஜீவா என்பவரின் தனியாட்சியைக் காட்டுகின்றார். பெயர் இரண்டெழுத்துக்கு மிகலாகாது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். ஆயுளின் எல்லையையும் அரசே வகுக்கும். கணவனைக் காணாது தவிக்கும் நிலாவுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

அதன் குறும்புப் பேச்சே நாவலின் நகைச்சுவை. ஆயினும் கூர்ந்து நோக்கினால், மனிதர் கீழ்ப்படிகின்றனர். இயந்திரமோ நூல்களைப் படித்துச் சிந்திக்கின்றது. மக்கள் போற்றிய தலைவர் வெறும் ஒளியுருவம் என்று தெரியவருகையில், நம் சிரிப்பு நம்மீதே திரும்புகின்றது. கதையின் விரைவில் நிலாவின் துயரம் போதிய ஆழம் பெறாதது குறையே.

ஆசிரியர் குறித்த ஆண்டுகள் கடந்துவிட்டன, ஜீவா வரவில்லை. எனினும், பயன்படுவோரே வாழத்தக்கவர் என்னும் கணக்கு நம் திண்ணைகளிலும் மெல்ல ஒலிக்கின்றதே! நூல் சுற்ற இயலாதவரிடம் ‘சாப்பிட்டாயா பாட்டி?’ என்று கேட்க எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.