'பெலியே குடும்பம்' படத்தில் சைகை மொழியின் இடம்

எரிக் லார்தீகோ இயக்கி 2014 டிசம்பரில் வெளியான 'பெலியே குடும்பம்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படம், தன் குரல்வளத்தைக் கண்டுணரும் பள்ளி மாணவி ஒருத்தியின் கதையாகும். பெற்றோரும் தம்பியும் காது கேளாதவர்கள். பவுலா ஒருத்தியே கேட்பவள். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும்போதும் தந்தை மேயர் தேர்தலில் நிற்கும்போதும் அவளே அவர்களுக்கு உரைபெயர்ப்பாளர். பலரும் இதனை இசைப்படமாகவே கண்டனர். மொழியியலார்க்கோ இது ஓர் இருமொழிக் குடும்பத்தின் படம். அவ்வகையில் இதன் குறை சிறியதன்று.

பெற்றோராக நடித்த கரின் வியார், பிரான்சுவா தமியன்ஸ் இருவரும் கேட்கும் திறனுடையவர்கள். படத்திற்காகவே பிரெஞ்சுச் சைகை மொழி பயின்றவர்கள். தம்பியாக வரும் லூக்கா கெல்பர்க் மட்டுமே காது கேளாதவர். இத்தேர்வு அன்றே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நடிகர் எவராகவும் நடிக்கலாம் என்னும் விடை இங்குப் போதாது. சைகை மொழியில் புருவ உயர்வும் தலையசைவும் பார்வைத் திசையும் வெறும் உணர்ச்சிக் குறிப்புகள் அல்ல; வினாவையும் எதிர்மறையையும், பேச்சு யாரைக் குறித்தது என்பதையும் உணர்த்தும் இலக்கணக் கூறுகள். நகைச்சுவைக்காக முகபாவத்தை மிகுவித்தால் அவ்விலக்கணம் மங்கிவிடும். 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டுக்குப்பின் நெடுங்காலம் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுமையான மொழியென ஏற்கப்பெற்ற ஒரு மொழிக்கு இது நேர்வது வருத்தத்துக்குரியது. அடித்தலைப்போ எப்போதும் செம்மையான பிரெஞ்சில் ஓடுகிறது. கைகள் தடுமாறினாலும் சைகை அறியாத பார்வையாளர் அதனை உணர வழியில்லை. மூலத்தின் குறையை மொழிபெயர்ப்பு மறைத்துவிடுகிறது.

பெற்றோரின் அந்தரங்க நோய் பற்றி மருத்துவர் கூறுவதை மகள் உரைபெயர்க்கும் காட்சி சிரிப்புக்காக அமைக்கப்பட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டு, சொல்லக் கூசுவதைச் சொல்ல வேண்டிய சிறுமியின் நிலையைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. தொழில்முறை உரைபெயர்ப்பாளர் ஏன் அங்கில்லை என்ற வினா எழுப்பப்படவேயில்லை.

எனினும் இரு காட்சிகளை மறுக்க இயலாது. பள்ளி நிகழ்ச்சியில் மகள் பாடுகையில் ஒலி அடங்கிவிட, நாமும் பெற்றோரின் அமைதிக்குள் அமர்கிறோம். அருகிருப்போர் முகங்களைக் கொண்டே பாட்டை அறிய முயல்கிறோம். பாரிஸ் குரல்தேர்வில் மிஷேல் சார்துவின் பாடலை அவள் பாடிக்கொண்டே சைகையிலும் தருகிறாள். ஒரே வேளையில் இரு மொழிகளைக் கையாளும்போது ஒன்றன் தொடரமைப்பு மற்றதற்கு வளைந்துகொடுத்தே ஆகவேண்டும்; இங்கு வளைவது பெரும்பாலும் சைகைதான். ஆயினும் படம் முழுவதிலும் பெற்றோரை முதன்மைக் கேட்போராகக் கருதி நிகழும் மொழிபெயர்ப்பு இது ஒன்றே என்பேன்.

இதன் அமெரிக்க மறுவாக்கமான 'கோடா' (2021) மார்லி மாட்லின், டிராய் கோட்சர், டேனியல் டுரான்ட் என மூன்று காது கேளாத நடிகர்களைக் கொண்டது; கோட்சருக்கு 2022இல் ஆஸ்கர் கிடைத்தது. நடிகர் தேர்வு திருந்திற்று. மருத்துவர் முன் மகள் உரைபெயர்க்கும் காட்சி மட்டும் அதிலும் சிரிப்புக்காகவே இடம்பெற்றிருக்கிறது.